நாகமணியும் விஷக்கல்லும் – ஒரு மறுவாசிப்பு

சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலைமந்திரில் தரிசனம் முடித்துத் திரும்பும் வழியில், ஒருவர் துணி விரித்து மோதிரக் கற்கள் விற்றுக்கொண்டிருந்தார். நடுவே புளியங்கொட்டை அளவில், வழவழவென்று ஒரு கறுப்புக் கல். நாக்மணியாம், பாம்பு கடித்த இடத்தில் வைத்தால் விஷத்தை உறிஞ்சிவிடுமாம். வீட்டில் என்னிடம் தமிழ் படிக்கும் பேத்தி கூட வந்திருந்தாள். "தாத்தா, குறிஞ்சிப்பாட்டுல பாம்பு உமிழுமே, அந்த மணி இதுதானா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலையே இங்கு சற்று விரித்து எழுதுகிறேன்.

ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழின் அருமையை அறிவிக்கக் கபிலர் பாடியது குறிஞ்சிப்பாட்டு என்பது மரபு. வடபுலத்தில் வாழும் நமக்கு அதனாலேயே அது நெருக்கமான நூல். அதில் பாம்பு மணியை உமிழ்வது மாலைக்காலத்தின் ஓர் அடையாளம். அன்றில் கூவுகிறது, கோவலர் குழல் ஊதுகிறார்கள், ஆம்பல் மலர்கிறது, மனைகளில் மகளிர் விளக்கேற்றுகிறார்கள். இந்த வரிசையில்தான் மணியும் வருகிறது. அது இருட்டில் ஓர் ஒளி, அவ்வளவே. மருந்து என்ற பேச்சே அங்கில்லை.

இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாட்டின் முடிவில், தலைவன் இரவில் வரும் வழியின் இடர்களை எண்ணித் தலைவி கலங்குகிறாள். புலி, கரடி, முதலை என்று நீளும் அந்தப் பட்டியலில் இரை தேடும் பாம்பும் உண்டு. பாம்பிடம் மணி இருப்பதாகப் பாடிய அதே கபிலர், அந்த மணி அவனைக் காப்பாற்றும் என்று யாரையும் சொல்ல வைக்கவில்லை. கற்பனை எது, ஆபத்து எது என்பது புலவருக்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் மருந்து எங்கிருந்து வந்தது? ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் ஒரு நாகமணி உண்டு. வண்டின் நிறமும் மயில் கழுத்தின் நிறமும் கொண்டு, தீபச் சுடர்போல் ஒளிர்வது. அதை அணியும் அரசனுக்கு விஷத்தாலும் நோயாலும் கேடு வராது என்கிறார். ஆனால் பாம்பின் தலையில் அது இருப்பதைச் சொல்லும்போது, "என்பார்கள்" என்று பொருள்படும் ஒரு சொல்லையும் சேர்த்துவிடுகிறார்! அந்தச் சொல்லை நாம் தொலைத்துவிட்டு, கல்லை மட்டும் வைத்துக்கொண்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடைத்தெருவில் விற்கும் விஷக்கல் பெரும்பாலும் கரியாகும்வரை சுட்ட மாட்டெலும்பு. அதில் நுண்துளைகள் இருப்பதால் ஈரமான காயத்தில் ஒட்டிக்கொள்ளும். பாலில் போட்டால் துளைகளிலுள்ள காற்று குமிழியாக வெளிவரும். "பாரு, விஷத்தைக் கக்குது" என்பார்கள். இந்தியாவிலிருந்து போன இத்தகைய கற்களை இத்தாலியரான பிரான்செஸ்கோ ரெடி பிராணிகள்மேல் சோதித்து, பயனில்லை என்று 1671இலேயே எழுதிவிட்டார். பிறகு ஏன் சிலர் பிழைக்கிறார்கள்? கடித்தது சாரையாக இருக்கலாம். நல்ல பாம்பே கடித்தாலும் சில சமயம் விஷம் இறங்காமல் போகலாம். பிழைத்தவர் கல்லின் புகழைப் பேசுகிறார். போனவர் பேச முடியாதே!

என் சித்தப்பா அப்படிப் போனவர். 1979இல் தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தில், பாயில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்தது. வலி அதிகமில்லை. கீறிக் கல் வைத்தார்கள். கல் ஒட்டிக்கொண்டதும், "இனிமே பயமில்லே" என்று எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். நானும்தான். இமை தொங்கி, மூச்சுத் திணறியபோதுதான் வண்டி தேடினோம். அதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. கல் அவருக்குக் கெடுதல் செய்யவில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொண்டது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்பது 2020இல் வெளியான ஆய்வின் கணிப்பு. இதற்காக மரபு முழுவதையும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடலாமா? கூடாது. பாம்பின் தடம் பார்த்துப் பிடிக்கும் இருளர்களின் அறிவும் மரபுதான். 1978இல் அவர்கள் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுத்துக் கொடுக்கிறது. அதிலிருந்து விஷமுறிவு மருந்து தயாராகிறது. அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. விஷத்தை முறிக்கும் மணி உண்டென்றால் அது இவர்கள் கையில் இருக்கிறது.

பேத்தியிடம் இவ்வளவும் சொல்லி முடித்தேன். "அப்போ கபிலர் சொன்னது பொய்யா தாத்தா?" என்றாள். பொய்யில்லை அம்மா, அது பாட்டு. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுப்போம். கூடவே, பாம்பு கடித்தால் கடித்த காலை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுப்போம்.