நினைவு வேறு, பாட்டு வேறு

எண்பதுகளின் இளையராஜாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் ஓர் இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள்: "சின்ன வயசுல கார்ல போகும்போது கேட்டது சார், இப்பக் கேட்டாலும் கண்ணு கலங்குது." கலங்கட்டும். ஆனால் அது பாட்டைப் பற்றிய செய்தியா, நம்மைப் பற்றியதா? நம் இசை விமரிசனம் இங்கேதான் சோம்பல்படுகிறது என்பது என் எண்ணம்.

என் சாட்சியத்தையே எடுத்துக்கொள்கிறேன். கோடை விடுமுறைக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து மதுரைக்கு வாடகை அம்பாசிடரில் போவோம். காவிரிப் பாலம், விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர். நாலுவழிச் சாலை வராத காலம். மூணு மணி நேரத்துக்குக் குறையாது. சி-60 கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிஷம், ஆக ஒரே கேசட் மூணு தடவை ஓடும். திருச்சியில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் அப்பா சீட்டு எழுதிக்கொடுத்துப் பதிந்து வாங்கியது. 'கரகாட்டக்காரன்' (1989), 'தளபதி' (1991) பாடல்கள். கடைசியில் கொஞ்சம் டேப் மிச்சமிருக்கேன்னு கடைக்காரரே சேர்த்த படுசுமாரான டூயட் ஒன்று. எந்தப் படம் என்றுகூடத் தெரியாது.

அந்தக் கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. எந்தப் பாட்டைப் போட்டாலும் துவரங்குறிச்சி வந்துவிடுகிறது: புளியமர நிழல், அம்மா நறுக்கிக் கொடுத்த வெள்ளரிப் பிஞ்சு, பெட்ரோல் வாடை. சொல்லப்போனால் அந்த டூயட்டில்தான் இதெல்லாம் ரொம்பத் துல்லியம். காரணம் எளிது. 'கரகாட்டக்காரன்' பாடல்களை அப்புறம் கல்யாண மண்டபம், டவுன் பஸ், டீக்கடை என்று ஆயிரம் இடத்தில் கேட்டாச்சு. நினைவின் மேல் நினைவு படிந்துவிட்டது. டூயட்டை வேறெங்கும் கேட்டதே இல்லை.

கரோல் கிரம்ஹான்ஸலும் ஜஸ்டின் ஜுப்னிக்கும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. இருபது வயதையொட்டிய மாணவர்களுக்குத் தங்கள் பதின்பருவப் பாடல்களோடு, தங்கள் பெற்றோரின் இளமைக்காலப் பாடல்களும் அழுத்தமான நினைவுகளைக் கிளப்பின. வீட்டில் ஓடுவது பெரியவர்கள் ரசனைதானே. காரில் கேட்கவே வேண்டாம். பொத்தான் முன்சீட்டில், நாம் பின்சீட்டில்.

அப்படியானால் நினைவை உரித்து எடுத்த பிறகும் நிற்பது எது? 'தளபதி'யையே பாருங்கள். பாடல்கள் எல்லாம் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த வாலி எழுதியவை. ஆனால் அதன் ஆட்டப் பாட்டு நடுவில் அப்பர் தேவாரம் கோரஸாக நுழைகிறது. கூத்தடிக்கிற கும்பலின் தாளம் ஒதுங்கி வழிவிட, கோயில் உள்ளே வருகிறது. பிறகு ஆட்டம் தொடர்கிறது. இந்தத் திருப்பம் புரிய மதுரை ரோடு தேவையில்லை. அந்த மாதிரித் திருப்பம் ஒன்றுகூட டூயட்டில் இல்லை.

அதற்காக டூயட்டைத் தூக்கிப்போடவும் மாட்டேன். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. சுருதி சேராமல் அவர் கூடவே முணுமுணுத்தது அதைத்தான். அந்தப் பெருமை அவருடையது. இசையமைத்தவர் கணக்கில் அதை எழுத முடியாது. ராஜாவைப் பற்றி எழுதும்போதும் இந்த இரண்டு கணக்கைத் தனித்தனியே வைத்துக்கொண்டால், அவர் பாட்டில் என்னதான் செய்திருக்கிறார் என்பது கொஞ்சம் தெளிவாகக் கேட்கும்.