நள்ளிரவு சரோத், விடிகாலை வெல்லம்

சென்னைக்கு மார்கழி எப்படியோ, கொல்கத்தாவுக்குத் தை அப்படி. கச்சேரியும் தின்பண்டமும் நறுமணமும் ஒன்றுசேர்ந்து வரும் மாதம். நிலத்துக்கு நிலம் பெரும்பொழுது, சிறுபொழுது என்று வகுத்துவைத்த இலக்கணம் நம்முடையது. அதை நாக்கிலும் மூக்கிலும் காதிலும் இன்றைக்கும் கடைப்பிடிக்கிற ஊர் என்றுதான் கொல்கத்தாவை நான் நினைக்கிறேன்.

முதலில் நொலென் குர். ஈச்ச மரத்துச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் புதுவெல்லம். குளிர் தொடங்கியதும் சியூலி எனப்படும் மரமேறிகள் உச்சிக்குக் கீழே மட்டைகளைக் கழித்து, மரத்தைச் சீவி, மூங்கில் குழல் செருகி, மாலையில் மண்கலயம் கட்டுகிறார்கள். இரவெல்லாம் சொட்டும் சாற்றை வெயில் ஏறுமுன் இறக்கியாக வேண்டும்; தாமதித்தால் புளித்துக் கள்ளாகிவிடும். மரத்துக்குச் சில நாள் ஓய்வு கொடுத்து, மறுபடி சீவும்போது முதலில் வடிவதை ஜிரேன் காட் என்பார்கள். தெளிவிலும் மணத்திலும் அதற்கு இணை கிடையாது. கருப்பட்டியில் வளர்ந்த நாக்குக்கு இது முதலில் மெலிதாகத் தோன்றும். கருப்பட்டி தொண்டைவரை இறங்கி அழுத்தும். இது அண்ணத்தில் நின்று மூக்குக்கு ஏறும். முதலில் லேசான புகை, அப்புறம் இனிப்பு, கடைசியில் நெடுநேரம் வறுத்த வாசம். இதை ஒரு வாசனைத் திரவியமாகவே வைத்து மதிப்பிட வேண்டும் என்பேன்.

அந்த மணம் தங்குவதற்கு ஏற்ற இடம் சந்தேஷ். ராம்துலால் சர்க்கார் தெருவில் 1844-இல் தொடங்கிய கிரீஷ் சந்திர தே, நகுர் சந்திர நந்தி கடைக்குக் குளிர்காலத்தில் போக வேண்டும். பாலைத் திரித்து நீர் வடித்த சேனாவை உள்ளங்கையின் அடிப்பகுதியால் தேய்த்துப் பிசைந்து, வெல்லத்தோடு வாணலியில் கிளறுவார்கள். சீக்கிரம் இறக்கினால் நரொம் பாக். இன்னும் கொஞ்சம் வற்றவிட்டால் கொடா பாக். என் வாக்கு நரொம் பாக்குக்கே. கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் ரேகை பதிந்து நிற்கும். கையில் எண்ணெய் ஒட்டாது. நாக்கில் வைத்ததும் மணல்மணலாகக் கரையும். உள்ளே பாகு அடைத்த ஜல்பரா சந்தேஷ் சந்தன்நகர்க்காரர்களின் பெருமை. கடித்ததும் பாகு வழிவது வேடிக்கைதான், ஆனால் வெல்லம் ஒருபக்கம், சேனா ஒருபக்கம் என்று பிரிந்துவிடுகிறது. கலந்து வெந்ததில் இருக்கும் இணக்கம் அதில் இல்லை.

சர்க்கரை கலந்து எசென்ஸ் ஊற்றிய வெல்லம் சந்தையில் மலிந்துவிட்டது எனக்குப் பெரிய வருத்தம். அச்சு வெல்லமான பாட்டாலியை விரலால் அழுத்திப் பாருங்கள்: நல்லது குழைந்து உதிரும், கலப்படம் கல்லாக நிற்கும்.

மூக்குக்கென்றே போக வேண்டிய இடம் நாகோடா மசூதியைச் சுற்றியுள்ள அத்தர் கடைகள். ஹாஜி குதா பக்‌ஷ் நபி பக்‌ஷ் கடை 1824-இலிருந்து இருக்கிறது. கண்ணாடிக் குச்சியால் புறங்கையில் ஒரு கோடு இழுத்துவிட்டு, அவசரப்படாதீர்கள் என்பார்கள். சுட்ட மண்ணின் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கிய மிட்டி, கோடைக்கு. தை மாதத்துக்கு ஷமாமா: வேர்கள், பாசிகள், மசாலாக்கள் பலவற்றைக் கூட்டிக் காய்ச்சியது. பூசியதும் நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஒரு மணி நேரம் பொறுத்தால் அந்தக் காரம் அடங்கி, அடியிலிருந்து கதகதப்பு எழும். சால்வையில் தொட்டுவைத்தால் மறுநாளும் இருக்கும்.

அந்தச் சால்வையோடு டோவர் லேன் இசை மாநாட்டுக்குப் போகலாம். 1952-இல் தொடங்கியது, ஜனவரி நான்காம் வாரத்தில், ரவீந்திர சரோவர் ஏரிக்கருகே நஸ்ருல் மஞ்சத்தில், விடிய விடியக் கச்சேரி. இந்துஸ்தானி ராகங்களுக்குப் பொழுது உண்டு என்று புத்தகத்தில் படிப்பது வேறு, அந்தப் பொழுதிலேயே உட்கார்ந்து கேட்பது வேறு. நள்ளிரவுக்கு மால்கௌன்ஸ், அதாவது நம் ஹிந்தோளம். விடியும் முன் லலித்: பஞ்சமம் கிடையாது, இரண்டு மத்தியமமும் அடுத்தடுத்து வரும். இரவும் முடியாமல் பகலும் தொடங்காமல் இருக்கும் வேளைக்கு அந்த இரண்டு மத்தியமத்தைவிடப் பொருத்தமான ஸ்வரங்களை நான் கேட்டதில்லை.

வாத்தியங்களில் இந்த ஊருக்கு உரியது சரோத். மெட்டுகள் இல்லை, வழவழப்பான உலோகப் பலகைமேல் இடதுகை நகத்தால் தந்தியை அழுத்தி இழுக்க வேண்டும். வலதுகையில் தேங்காய் ஓட்டில் செதுக்கிய மீட்டி. தட்டும்போது ஓசை வறண்டு கறாராக இருக்கும். நகம் வழுக்கும்போது அதே தந்தி குரலாக மாறும். புத்ததேவ் தாஸ்குப்தாவின் ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். தொழிலால் பொறியாளர், ராதிகா மோகன் மைத்ராவின் சீடர், 2018-இல் மறைந்தார். ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போக அவர் எடுத்துக்கொள்ளும் நிதானத்தில் துளியும் சோம்பல் இருக்காது.

கச்சேரி முடிந்து வெளியே வந்தால் லேக் மார்க்கெட் பக்கத்திலேயே இருக்கிறது. தலைமுறைகளாக நம்மவர்கள் குடியிருக்கும் வட்டாரம். இட்லியும் ஃபில்டர் காபியும் கிடைக்கும். ஆனால் தூக்கத்தைத் தள்ளிப்போட முடிந்தால் அன்று காலையே சியால்டா தெற்கிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து ஜெய்நகர் போய்விடுங்கள். அங்கே மோவா. 2015-இல் புவிசார் குறியீடு பெற்றது. கனக்சூர் என்ற வாசனை நெல்லைப் பொரித்து, நொலென் குர்ரும் நெய்யும் சேர்த்துப் பிடித்த உருண்டை. நம் கார்த்திகைப் பொரி உருண்டை பல்லைச் சோதிக்கும். இது விரல் அழுத்தத்துக்கே உதிர்ந்துவிடும். வெல்லத்தின் மணமும் நெல்லின் மணமும் ஒன்றையொன்று மறைக்காமல் வருவதுதான் இதன் சிறப்பு. அன்று பிடித்ததா என்று கேட்டு வாங்கி, அன்றே தின்றுவிட வேண்டும். ஃப்ரிஜ்ஜில் வைத்தால் நெய் உறைந்து நெல்லின் மணம் அடங்கிப்போகும். மாசி வெயில் ஏறிவிட்டால் மரமும் நல்ல சாறு தராது; தையிலேயே போய்விடுவது உத்தமம்.