கூண்டைக் கழற்றும் முன்

நம் கடற்கரையில் லாஞ்சு என்றால் மீன்பிடி விசைப்படகு. டீசல் வாடையும் வலைக் குவியலும் சேர்ந்தே நினைவுக்கு வரும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அதே சொல்லுக்கு வேறு வாழ்க்கை. சனிக்கிழமை காலை பிள்ளைகுட்டிகளோடு ஏறி, ஹவுராக்கி வளைகுடாவில் வைஹெக்கேயோ கவாவோ ஏதோ ஒரு தீவின் ஒதுக்கில் நங்கூரம் பாய்ச்சி, பிடித்த மீனை அங்கேயே வறுத்துத் தின்று, இரவு அதன் அறையிலேயே படுத்தெழுந்து திரும்புகிற மர மோட்டார் படகுதான் அங்கே லாஞ்சு. 1900-களின் தொடக்கம் முதல் 1960-கள் வரை கட்டிய லாஞ்சுகள் இன்னும் அந்த நீரில் ஓடுகின்றன. நூறு வயதைக் கடந்தவையும் அவற்றில் உண்டு. ஒன்றிரண்டு அருங்காட்சியகத்தில் இருக்கலாம். மற்றவற்றை ஓட வைத்திருப்பவர்கள் படகுப் பித்துப் பிடித்த தனியாட்கள்.

புதுப்பித்த லாஞ்சு ஒன்றைப் பற்றி அந்தப் பித்தர்கள் சொல்லக்கூடிய உயர்ந்த பாராட்டு, அதன் மேலிருந்த கூண்டை இறக்கிவிட்டார்கள் என்பது. கூண்டு என்று நான் சொல்வது, பிற்காலத்தில் யாரோ சேர்த்த சுக்கான் அறையை. அது போனதும் படகு பிறந்தபோது இருந்த லட்சணம் திரும்பிவிட்டது என்று மகிழ்கிறார்கள். எனக்கு இந்தப் பாராட்டோடு ஒரு சண்டை இருக்கிறது. ஆனால் அவர்கள் செய்திருப்பது சிறிய காரியமில்லை என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

எல்லாம் ஒரு மரத்திலிருந்து தொடங்குகிறது. கௌரி என்று அதற்குப் பெயர்; மாவோரி மொழிச் சொல், நம் காதுக்கு மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல் கேட்கும். நியூசிலாந்தின் வடகோடிக் காடுகளில் வளரும் இந்த மரம், உயர உயரக் கீழ்க்கிளைகளைத் தானே உதிர்த்துவிடும். அதனால் அடிமரம் தூண்போல் நேராக, கணுவே இல்லாமல் நிற்கும். நீளமான, சுத்தமான, எளிதில் உளுக்காத பலகை. வளைக்கவும் இழைக்கவும் இசைந்து கொடுப்பது. படகு கட்டுகிறவன் இதற்கு மேல் என்ன கேட்பான்? வைபோவா காட்டில் நிற்கும் தானே மஹுத்தா என்ற மரத்தின் உயரம் சுமார் 51 மீட்டர், சுற்றளவு 13 மீட்டருக்கு மேல்.

ஸ்காட்லாந்தின் கிளைடு நதிக்கரையிலிருந்து 1874-இல் ஆக்லாந்து வந்த ராபர்ட் லோகனும் அவர் பிள்ளைகளும், அவர்களுக்குப் போட்டியாக பெய்லி குடும்பத்தாரும் இந்த மரத்தை வைத்து ஒரு கட்டுமுறையை முதிரச் செய்தார்கள். ஒற்றைப் பலகைக்குப் பதிலாக மெல்லிய பலகைகள் மூன்றடுக்கு. முதல் அடுக்கு, படகின் முதுகெலும்பான ஏராவிலிருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறும். இரண்டாவது அதற்குக் குறுக்கே எதிர்ப்பக்கம் சாயும். மூன்றாவது முன்முனையான அணியத்திலிருந்து பின்முனையான அமரம் வரை நெடுக ஓடும். மூன்றையும் செப்பாணியால் பிணைப்பார்கள். விலா எலும்பு போன்ற வங்குக்கால்கள் நெருக்கமாகத் தேவைப்படாது. உடல் இலேசு, ஆனால் உறுதி. இன்றைய ஒட்டுப்பலகை செய்கிற வேலையை இவர்கள் கையாலும் ஆணியாலும் செய்துவிட்டார்கள். எல்லா லாஞ்சும் இப்படிக் கட்டியதல்ல. ஒற்றைப் பலகையை வங்கில் அறைந்து, இடுக்குகளை அடைத்துக் கலப்பத்து அடித்தவையும் ஏராளம். பெய்லி அண்ட் லோ, காலிங்ஸ் அண்ட் பெல், சாம் ஃபோர்டு, கோலின் வைல்டு, டிக் லாங், பான்மூரிலிருந்த லேன் குடும்பம் என்று பட்டறைக்குப் பட்டறை கைவாகு வேறு. விவரம் தெரிந்தவர்கள் அமரத்தின் வளைவைப் பார்த்தே கட்டியவர் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

தொடக்ககால லாஞ்சு இன்று நாம் நினைப்பதுபோல் சொகுசானதில்லை. செங்குத்தான அணியம், ஒடுங்கிய உடல், ட்ராம் வண்டியின் மேல்பாகத்தைப் பெயர்த்து வைத்ததுபோல நீண்ட தாழ்ந்த அறை. ‘ட்ராம் டாப்’ என்றே அதற்கு அங்கே பெயர். சுக்கான் பிடிப்பவர் பின்னால், திறந்த தளத்தில் நின்று சாரலெல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு காலம் மாறியது. அமெரிக்க நாவலாசிரியர் ஜேன் கிரே 1926-இல் வடக்கே உள்ள பே ஆஃப் ஐலண்ட்ஸுக்கு வந்து மார்லின் மீன் வேட்டையாடி எழுதியதில், லாஞ்சு வைத்திருந்தவர்களுக்குப் புதிய பிழைப்பு பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் பல லாஞ்சுகளுக்குச் சாம்பல் வண்ணம் அடித்துத் துறைமுகக் காவலுக்கு அனுப்பினார்கள். சொந்தக்காரரே ஓட்டிக்கொண்டு போனதும் உண்டு. போர் முடிந்ததும் பெட்ரோல் எஞ்சின் போய் டீசல் வந்தது. மனைவி மக்கள் மழையில் நனையாமலிருக்க நடுவில் ஒரு சுக்கான் அறை எழும்பியது. அடுப்பு வந்தது, கழிப்பறை வந்தது. ஒவ்வொரு சொந்தக்காரரும் தன் வசதிக்கு வெட்டினார், ஒட்டினார்.

அடுத்து ஃபைபர்கிளாஸ் வந்தது. அச்சில் வார்த்த படகுக்கு ஆண்டுதோறும் சுரண்டல், பூச்சு, கலப்பத்து எதுவும் பெரிதாகத் தேவையில்லை. மர லாஞ்சு கிழவியாகிப் போனாள். சேற்றுக் கழிமுகங்களில் கட்டிவைத்தபடியே மக்கியவை எத்தனையோ. அந்த நேரத்தில் கையிலிருந்த பணத்தையும் வார இறுதிகளையும் கொட்டி இவற்றை மீட்ட ஆர்வலர்கள் இல்லையென்றால், இன்று படத்தில்தான் பார்த்திருப்போம். 1977-இல் மறுபடி தொடங்கிய மஹுராங்கி படகு விழாவில், ஒவ்வொரு ஜனவரிக் கடைசியிலும் இந்த லாஞ்சுகள் வரிசையாக வருகின்றன. கரையில் நிற்கிறவர்களுக்கு அது கண்காட்சி. படகில் இருக்கிறவர்களுக்கு வழக்கமான விடுமுறை. பாட்டன் பிடித்த சுக்கானைப் பேத்தி பிடிக்கிறாள்.

இந்தப் புழக்கம்தான் அவர்கள் முயற்சியின் தலையாய பலம். ஓடாத மரப்படகு செத்துப்போகும். கரையேற்றி வைத்தால் பலகை உலர்ந்து சுருங்கி இணைப்பு வாய்பிளக்கும். கட்டியே போட்டால் மழைநீர் மேல்தளத்தின் வழியே கசிந்து தங்கும். கடல்நீரைவிட மழைநீர்தான் மரப்படகுக்கு எமன். உப்பு பூஞ்சையை அடக்கும், நன்னீர் அதை வளர்க்கும். வாரம் ஒருமுறை ஏறி, அடிநீரை இறைத்து, கதவைத் திறந்து காற்று விடுகிறவன் செய்வதை எந்த அறக்கட்டளையும் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்ய முடியாது. இன்னொன்று, இவர்கள் கொடுக்கும் வேலையால்தான் செப்பாணி அடிக்கவும் வங்கு வளைக்கவும் தெரிந்த கைகள் ஒன்றிரண்டாவது பிழைக்கின்றன. அருங்காட்சியகம் போதாதா என்று கேட்கலாம். இங்கிலாந்தின் விண்டர்மியரில் ஏரிக்கரையிலேயே ஒரு படகு அருங்காட்சியகம் இருக்கிறது. 2019-இல் புதுக் கட்டடத்தில் திறந்தார்கள். 1850-இல் கட்டி, 1895-இல் உல்ஸ்வாட்டர் ஏரியில் மூழ்கி, 1962-இல் வெளியே எடுக்கப்பட்ட ‘டாலி’ என்ற நீராவிப் படகு அங்கே இருக்கிறது. அற்புதமான இடம். ஆனால் நாட்டிலுள்ள படகையெல்லாம் அப்படிக் கூரைக்குள் கொண்டுவர எவரிடம் பணம் இருக்கிறது?

இனி சண்டைக்கு வருகிறேன்.

மீட்டவர்களில் பலருக்கு ஒரு பிறந்தநாள் மோகம் பிடித்திருக்கிறது. 1912-இல் நீரில் இறங்கிய படகை 1912-க்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்ற ஆசை. 1950-களில் வந்த கூண்டு அசிங்கம், கழற்று. டீசலுக்காக மாற்றிய தளம் அசிங்கம், பெயர்த்தெடு. பிறகு பழைய புகைப்படம் ஒன்றைப் பார்த்து, புதிதாக ஒரு ட்ராம் டாப் கட்டு. இதில் ஒரு விசித்திரம் உண்டு: கழற்றியெறிந்தது எழுபது வருடத்து நிஜ மரம், ஏற்றியது போன வருடத்துக் கற்பனை. வென்றது பழமை என்று சொல்லிக்கொள்கிறார்கள். போர்க்காலச் சாம்பல் வண்ணத்தின் மிச்சத்தை உள்மூலைகளிலிருந்து சுரண்டிவிட்டு ஏழெட்டுப் பூச்சு வார்னிஷ் அடிக்கும்போது, அந்தப் படகு உண்மையில் கண்டதை அழித்து, ஒரு பணக்காரரின் ஒருநாள் கனவை அதன் இடத்தில் வைக்கிறோம். அன்றைக்கு அந்த லாஞ்சு இவ்வளவு மினுமினுப்பாக இருந்திருக்கவும் வாய்ப்பில்லை; வேலைக்கும் விளையாட்டுக்கும் பொதுவான படகில் பெயிண்ட்தான் பெரும்பாலும் இருந்திருக்கும்.

கூண்டு அழகில்லை என்பது பல நேரம் உண்மைதான். எடை மேலே ஏறி ஆட்டம் கூடிய படகும் உண்டு; அதைக் கழற்றுவதில் எனக்கு வாதமில்லை. கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கழற்றுவதைத்தான் கேள்வி கேட்கிறேன். கட்டடப் பாதுகாப்புக்கு 1964-இல் வெனிஸ் சாசனம் எழுதினார்கள். அதையொட்டி ஐரோப்பாவில், ஓடிக்கொண்டிருக்கும் மரபுக் கப்பல்களுக்காக 2003-இல் பார்சிலோனா சாசனம் வந்தது. எல்லாக் காலத்துச் சேர்க்கைகளுக்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது கட்டடக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். கோபுரத்தில் நாயக்கர் காலச் சுதையை இடித்துவிட்டுச் சோழர் காலத்துக்குப் போகிறேன் என்று யாராவது கிளம்பினால் நாம் விடுவோமா?

இரண்டாவது குறை, பாசத்தால் செய்யும் கெடுதல். இதற்கு நல்ல உதாரணம் துத்தநாகக் கட்டி. படகின் அடியில் உள்ள உலோகங்களை அரிப்பிலிருந்து காக்கத் துத்தநாகத்தை இணைப்பார்கள். அது கரைந்து மற்றதைக் காப்பாற்றும். இரும்புக்கு இது சரி. ஆனால் நல்ல வெண்கல வால்வு கடல்நீரில் தானாகவே நெடுநாள் தாங்கும். அதையும் கம்பியால் கட்டி, கட்டிமேல் கட்டியாகத் துத்தநாகம் மாட்டினால், வெண்கலத்தைச் சுற்றிக் காரம் ஊறுகிறது. காரம் மரத்தின் நார்களைப் பிணைத்திருக்கும் பொருளைக் கரைக்கிறது. சில வருடத்தில் வால்வு புத்தம்புதிதாகப் பளபளக்கும். அது பொருந்தியிருந்த கௌரிப் பலகையோ வெள்ளை உப்புப் பூத்து, நகத்தால் கிள்ளினால் வரும். எதுவும் செய்யாமல் விட்டிருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும்.

ஃபைபர்கிளாஸ் போர்வையும் இந்த வகைதான். கசிகிற பழைய உடல்மேல் பிசினும் கண்ணாடித் துணியும் போர்த்தினால் கசிவு உடனே நிற்கும். மூன்றடுக்குப் படகில், மரம் நன்றாக உலர்ந்திருந்து எபாக்ஸியும் சரியாகப் பிடித்தால், அது நீண்ட காலம் உழைக்கிறது, மறுக்கவில்லை. ஒற்றைப் பலகைப் படகில் மரம் ஈரத்துக்கேற்பப் பெருத்துச் சுருங்கிக்கொண்டே இருக்கும், போர்வை அசையாது. ஓரிடத்தில் பிரியும், மேலிருந்து இறங்கும் மழைநீர் இடையில் தங்கும், வெளியே வழவழப்பு, உள்ளே அழுகல். எல்லாவற்றுக்கும் மேலாக, இது திரும்பப் பெற முடியாத வேலை. செப்பாணியைப் பிடுங்கிப் பலகையை மாற்றலாம். பிசினில் ஊறியதை அடுத்த தலைமுறை ரம்பத்தால்தான் அறுக்கும். ஆணியெல்லாம் செத்துப்போன படகுக்குக் கடைசி மருந்தாகப் போர்த்துவது வேறு. மருந்தை முதலிலேயே கொடுத்துவிட்டுப் புதுப்பித்தேன் என்பது வேறு.

யாரை மீட்கிறார்கள் என்பதும் பேச வேண்டியது. ஒடுங்கிய, செங்குத்து அணியம் கொண்ட 1910-களின் அழகிக்கு வரிசை நிற்கிறது. போருக்குப் பின், இறக்குமதித் தட்டுப்பாட்டுக் காலத்தில், ஒட்டுப்பலகையும் வரைபடமும் வாங்கி வீட்டுப் பின்புறத்தில் எழுத்தரும் ஆசிரியரும் மாலை நேரங்களில் கட்டிய லாஞ்சுகளைக் கேட்பாரில்லை. நியூசிலாந்தின் சாதாரணக் குடும்பம் கடலுக்குப் போனது அவற்றில்தான். மரைனா வாடகை கட்ட ஆளில்லாமல் போனால் பொக்லைன் வந்து இரண்டே நிமிடத்தில் நொறுக்கிவிடும். கரையேற்றிப் பழுதுபார்க்கும் முற்றங்கள் இருந்த இடங்களில் அடுக்குமாடி எழும்புகிறது. கையில் கொஞ்சமே பணமுள்ளவன் தன் கையால் படகைச் சுரண்டிப் பூச இடம் சுருங்குகிறது. ஆக, எது பழமை என்பதைக் கடைசியில் வசதி தீர்மானிக்கிறது.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனிதர் வருவதற்கு முன் சுமார் 12 லட்சம் ஹெக்டேரில் கௌரிக்காடு இருந்தது என்பது கணக்கு. 1900-க்குள் அதில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. வைபோவாவைச் சரணாலயமாக்க 1952 வரை போராட வேண்டியிருந்தது. இன்று வேரழுகல் நோய் வேறு அந்த மரங்களைத் தின்கிறது. எனவே பழுதுபார்க்கக் கௌரி வேண்டுமென்றால் இடித்த பழங்கட்டடத்தின் உத்தரங்களைத் தேடிப் போகிறார்கள். ஒரு காட்டை அழித்துக் கட்டிய படகுகள் இவை என்பதை வார்னிஷ் வாசனையில் மறந்துவிடக் கூடாது. அதே காரணத்தால் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு பலகைக்கும் மதிப்புக் கூடுகிறது. கூண்டுப் பலகைக்கும்தான்.

கௌரி வளரும் அதே வடபகுதியோடு தமிழர்களான நமக்கு ஒரு தொடர்பு இருக்கிறது. 1830-களில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி, மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த ஒரு வெண்கலப் பாத்திரத்தைப் பார்த்தார். விளிம்பு உடைந்த கப்பல் மணி அது. அதில் தமிழ் எழுத்து: முகையதீன் வக்குசு என்பவரின் கப்பலுக்குரிய மணி என்று பொருள்படும் வாசகம். இப்போது வெலிங்டனில், தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அந்தக் கப்பலின் ஏரா எவ்வளவு நீளம், யார் கட்டியது, எத்தனை முறை பழுதுபார்த்தார்கள், எதற்காக அங்கே போனது, எதுவும் எவருக்கும் தெரியாது. மரம் போனால் அப்படித்தான் போகும்.

லாஞ்சுக்காரர்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. அவர்கள் கையில் கேமரா இருக்கிறது, அளவு நாடா இருக்கிறது, முந்தைய சொந்தக்காரர்களின் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள். கூண்டைத் தொடுவதற்கு முன் அதைக் கட்டியவர் வீட்டில் ஒரு மாலை உட்கார்ந்து கேளுங்கள், அளவெடுங்கள், அதன் பிறகும் கழற்றியே தீர வேண்டுமென்றால் பிளக்காமல் கழற்றி, உலர்ந்த கொட்டகையில் பெயர் எழுதி வையுங்கள். அடுத்த சொந்தக்காரர் மழைக்கு ஒதுங்க நினைக்கலாம்.