வெள்ளவத்தைத் தவளை

இந்தக் காருக்கு வெளியே கதவுப் பிடி கிடையாது. டிக்கி இருக்கிறது, அதற்கு மூடி இல்லை. ஆசனத்தை முன்னுக்குச் சாய்த்துவிட்டு உள்ளே தவழ்ந்து போய்த்தான் மேலதிகச் சில்லை இழுத்தெடுக்க வேண்டும். கதவில் கண்ணாடி இல்லை, ஆகவே ஏற்றி இறக்கும் தொல்லையும் இல்லை. இத்தனை 'இல்லை'களைச் சேர்த்துச் செய்த ஒரு வண்டியைக் கண்டதும் குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை சிரிப்பதற்குக் காரணம், பொனற்றின் மேல் முழித்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு விளக்குகள். ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைற், முதல் வகை. 1958 முதல் 1961 வரை ஏறத்தாழ 49 ஆயிரம் வண்டிகள் வெளிவந்தன. ஊர் உலகம் அதற்கு வைத்த பெயர் தவளைக்கண். வேண்டாதபோது விளக்குகள் பின்னால் மடிந்து படுத்துக்கொள்ளும்படிதான் முதலில் வரைந்தார்கள். செலவு கட்டுப்படியாகாமல் நிமிர்ந்தபடியே விட்டுவிட்டார்கள். சிக்கனத்தில் பிறந்த அழகு.

எங்கள் ஒழுங்கை காலி வீதிக்கும் கடற்கரை ரயில் பாதைக்கும் நடுவில் இருக்கிறது. அதில் இப்படியொரு தவளையை ஓர் அண்ணை பதினொரு வருடமாக உயிர்ப்பித்துக்கொண்டிருந்தார். காப்புறுதிக் கம்பனியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். கராஜ் வைத்தவரல்ல, பொறியியல் படித்தவருமல்ல. மலைநாட்டுத் தோட்டமொன்றின் பழைய ஸ்ரோரில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த வண்டியை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து, வீட்டு முன்றிலில் தகரப் பந்தல் போட்டு இறக்கினார். நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. அந்தக் குளிரில் வளைவுகளைச் சீறிக்கொண்டு ஏறுவதற்கென்றே தோட்டத் துரைமார் சிறிய விளையாட்டுக் கார்கள் வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. துரைமார் கப்பலேறிய பிறகு கார்கள் கோழிக்கூடாயின.

மலையில் மெல்லத் தின்ற கறள் வெள்ளவத்தையில் வேகம் பிடித்தது. கடற்காற்றில் ஊறாத பொருள் இங்கே எதுவுமில்லை. யன்னல் கம்பிக்கு வருடத்துக்கொருமுறை மை பூசுகிறோம். இந்த இடத்தில் திறந்த தகரத்தை வைத்து வேலை செய்வது, ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கும் வேலை. ஒரு பக்கம் சுரண்டி முடித்து மறுபக்கம் போவதற்குள் முதல் பக்கம் செம்மஞ்சள் பூத்துவிடும். ஒவ்வொரு மாலையும் சுரண்டிய அளவுக்கு மட்டும் அன்றைக்கே கறள் தடுப்பு மை பூசிவிட்டுத்தான் அண்ணை சாப்பிடப் போவார். பதினொரு வருடத்தின் கணக்கில் பாதி அதில் அடங்கிவிடும்.

இந்தக் காரை நான் ரசிக்கக் காரணம் அதன் பரம்பரை. டொனால்ட் ஹீலி ஸ்பிரைற்றைப் புதிதாக வானத்திலிருந்து இறக்கவில்லை. சைக்கிள் கொட்டிலுக்குள் விடக்கூடிய மலிவான ஒரு கார் வேண்டும் என்று பி.எம்.சி. கார்க் கம்பனியின் தலைவர் லெனார்ட் லோர்ட் கேட்டதாகக் கதை. ஹீலி அவர்களுடைய களஞ்சியத்திலேயே கை வைத்தார். இயந்திரமும் கியர்ப் பெட்டியும் முன் சில்லுகளின் தாங்கு அமைப்பும் ஒஸ்ரின் ஏ35இலிருந்து வந்தன. ஸ்ரியறிங் மொறிஸ் மைனருடையது. ஒற்றைக் காபரேற்றர் இருந்த இடத்தில் இரண்டு எஸ்.யூ. காபரேற்றர்களை வைத்து, அந்த 948 சீசீ சாதுவிடமிருந்து 43 குதிரை வலுவைக் கறந்தார். வாத்தியார் வீட்டு மைனரும் டொக்டர் வீட்டு ஒஸ்ரினும் சேர்ந்து பெற்ற குறும்புக்காரப் பிள்ளை இது.

அப்படியானால் இந்தப் பிள்ளையை வளர்க்க இலங்கையை விடத் தோதான ஊர் எது? கொழும்பின் ராக்ஸிகள் மொறிஸ் மைனராக இருந்த காலத்தை என் வயதுக்காரர் கண்டிருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் நெடுங்காலம் வாடகைக்கு ஓடியது. அந்நியச் செலாவணி இல்லாமல் இறக்குமதி முடங்கிய அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இந்த வண்டிகளின் ஒவ்வொரு உறுப்பையும் கடைந்தோ வார்த்தோ தேய்த்தோ எடுத்த கைகள் இங்கே உருவாகின. அந்தக் கைகளின் மதிப்பைப் பிற்பாடு இங்கிலாந்தே ஒத்துக்கொண்டது. பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், அந்தக் காருக்கான தகடுகளையும் உறுப்புகளையும் இலங்கையில் செய்வித்து எடுத்தார். லண்டனிலிருந்து பொதி வரவழைத்து, பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டுவதைச் சிலர் 'அசல் முறை' என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஹீலி செய்ததும் களஞ்சியத்தில் பொறுக்கிய வேலைதான். பஞ்சிகாவத்தையில் மைனர் ஸ்ரியறிங் தேடி அலைகிறவன் அவரது வழியில்தான் நடக்கிறான்.

பஞ்சிகாவத்தையில் அண்ணையோடு அலைந்த சனிக்கிழமைகளை மறக்க முடியாது. மருதானைப் பக்கம் அந்தத் தெருக்களில் கடை என்றால், கூரை வரைக்கும் அடுக்கிய கியர்ப் பெட்டிகளுக்கு நடுவே ஓர் ஆள் போகிற இடைவெளி, அதன் முடிவில் ஒரு முதலாளி. ஸ்பிரைற் என்று சொன்னால் சோடாவைக் காட்டுவார்கள். 'மைனர் ஆயிரத்துக்கு' என்று கேட்க வேண்டும். அண்ணை கேட்கிற விதமே தனி. பொருளைக் கையில் வாங்கியதும் கறளைப் பார்க்கமாட்டார், புரியைப் பார்ப்பார். எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு நகத்தைப் புரியில் ஓட்டுவார். நகம் தடங்காமல் போனால்தான் விலை கேட்பது.

புரி என்றதும் ஒரு சின்ன இடைச்செருகல். ஜப்பான் கார்கள் வந்து குவிந்த பிறகு இந்த ஊர் ஸ்பனர் பெட்டியெல்லாம் மில்லிமீற்றராகிவிட்டது. தவளையின் நட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குல நட்டு என்றால் 12.7 மில்லிமீற்றர். அதற்குப் 13 ஸ்பனர் போகும், போட்டால் பிடித்ததுபோலவும் இருக்கும். கொஞ்சம் அழுத்தினால் வழுக்கி மூலையை மழித்துவிடும். அந்த 0.3 மில்லிமீற்றர் அவசரக்காரனைப் பிடிக்கிற பொறி. நட்டின் ஆறு மூலையும் கூராக இருந்தால் அந்தக் காரைப் பொறுமைசாலி ஒருவன் தொட்டிருக்கிறான் என்று அர்த்தம். பழைய காரைப் பார்க்கப் போனால் நான் பெயின்ற்றைப் பார்ப்பதில்லை, குனிந்து நட்டைப் பார்ப்பேன்.

தகர வேலைக்கு மட்டும் அண்ணை தன் கையை நம்பவில்லை. கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பின்னால், புனித லூசியாள் பேராலயத்து மணி கேட்கும் தூரத்தில் ஒரு டிங்கரிங் பாஸ் இருந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் 155ஆம் இலக்க பஸ்ஸோ கிடைத்த பஸ்ஸோ பிடித்து வெள்ளவத்தை வந்துவிடுவார். முதல் நாள் வண்டியைச் சுற்றி வந்து, கதவுக்கு அடியில் முன்னிருந்து பின்னுக்கு ஓடும் பெட்டித் தகட்டை விரல் கணுவால் தட்டினார். 'ணங்' என்ற இடத்தில் தலையாட்டினார், 'பொத்' என்ற இடத்தில் சோக்கட்டியால் கோடு கிழித்தார். முடித்துப் பார்த்தால் கோடு இல்லாத இடம் குறைவு.

"ஐயா, இத பட்டி வச்சு மூடி பெயின்ற் அடிச்சா ரெண்டு மாசத்துல குடுத்துருவேன். ரெண்டு வருசத்துல திரும்பியும் வருவேன்."

"மூட வேண்டாம் பாஸ். வெட்டுங்கோ."

"வெட்டுனா காரு மடியும்."

பாஸ் சொன்னது முழு உண்மை. ஸ்பிரைற்றுக்கு லொறிபோல அடியில் தனிச் சட்டகம் இல்லை. உடம்பே சட்டகம். பெருந்தொகையாகச் செய்த விளையாட்டுக் கார்களில் இந்த முறையில் வந்த முதலாவது இதுதான். கூரையும் இல்லாததால் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருப்பது அந்தப் பெட்டித் தகடுகளும் நடு முதுகுமே. போதாததற்குப் பின்பக்க வில் தகடுகள் கால்வாசி வில்லாக, ஒரு நுனி அச்சிலும் மறு நுனி ஆசனத்துக்குப் பின்னால் உடம்புக்குள்ளேயும் இறுகி நிற்கின்றன. பாரம் முழுவதும் அந்தத் தகரத்தில்தான் விழும். அங்கே கறள் தின்றிருக்கும்போது பெட்டித் தகட்டை அறுத்தால் கார் நடுவில் தொய்யும், கதவு வாசல் குறுகும், பிறகு கடவுள் வந்தாலும் கதவு பூட்டாது.

ஆகவே முதலில் இரண்டு கதவு வாசலிலும் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து ஒட்டினார்கள். ஒரு பக்கத்துத் தகட்டை முழுதாக அறுக்காமல் கையளவு கையளவாக வெட்டி, வெட்டிய இடத்துக்குப் புதுத் தகடு வைத்து, அங்கங்கே பொட்டு வைத்ததுபோல் ஒட்டி, ஆறவிட்டு, அளந்து, பிறகுதான் அடுத்த கையளவு. தொடர்ந்து ஒட்டினால் சூட்டில் தகரம் முறுகும். பாஸின் அளவுகோல் நெருப்புக்குச்சி. கதவைச் சாத்தி, இடைவெளியில் இரண்டு குச்சியைச் சேர்த்து மேலிருந்து கீழே இழுப்பார். ஒரே இறுக்கத்தில் ஓடிவர வேண்டும். தடங்கினால் ஒட்டை வெட்டித் திரும்பச் செய்வார். ஒரு ஞாயிறு முழுவதும் முக்கால் சாண் நீளத்தோடு போனதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மூன்று பேரும் கதைத்தது மொத்தம் பத்து வசனம் இருக்குமோ என்னவோ.

2022 வந்தது. பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நின்றது. மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. வெல்டிங் நின்றது, பாஸும் வர வழியில்லை. ஊரே இயங்காமல் இருந்த அந்த மாதங்களில் அண்ணை மெழுகுதிரி வெளிச்சத்தில் காபரேற்றர்களைப் பிரித்தார். கழுவப் பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் வரிசை. ஒரு போத்தலை ஒரு மாதம் வைத்துக் கழுவினார்.

எஸ்.யூ. காபரேற்றர் தனியாக ரசிக்க வேண்டிய பொருள். செருப்பு வியாபாரக் குடும்பத்துச் சகோதரர் இருவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியது. ஆரம்பத்தில் உள்ளே தோல் துருத்திகூட இருந்ததாம், கைக்குப் பழகிய பொருள்தானே. மணிபோன்ற ஒரு கவிழ்ந்த கிண்ணம், அதற்குள் ஏறி இறங்கும் ஓர் உலக்கை, உலக்கையின் அடியில் நுனி சிறுத்த ஓர் ஊசி. இயந்திரம் எவ்வளவு மூச்சு இழுக்கிறதோ அவ்வளவு உலக்கை உயரும், ஊசியும் உயர்ந்து அவ்வளவு பெற்றோலை விடும். கிண்ணமும் உலக்கையும் சோடியாகப் பிறந்தவை, மற்றதன் சோடியோடு மாற்றிப் போடக்கூடாது. துப்புரவாக இருந்தால், தூக்கிவிட்ட உலக்கை தயங்காமல் இறங்கி 'ணக்' என்று உட்காரும். அந்தச் சத்தத்துக்காக அண்ணை விறாந்தையில் இருந்து இருபது தரம் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டிருப்பார்.

இரண்டையும் ஒத்த மூச்சு விடச் செய்வது காதின் வேலை. ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காபரேற்றர் வாயிலும் மறு நுனியைக் காதிலும் வைத்து, இரண்டின் சீறலும் ஒன்றாகும்வரை திருகாணியைத் திருப்ப வேண்டும். பிறகு உலக்கையை ஒரு மயிரிழை தூக்கிப் பார்ப்பது. இயந்திரம் வேகம் கூடிக்கொண்டே போனால் பெற்றோல் அதிகம், இருமி அணைந்தால் குறைவு, ஒரு கணம் துள்ளிவிட்டுப் பழைய நிலைக்கு வந்தால் சரி. இதை அண்ணைக்குக் காட்டித் தந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அவருடைய மச்சான். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள், நாலு துளி பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தலைமுறை அது. அவர்களுக்குக் காபரேற்றர் என்பது நாடி பிடித்துப் பார்க்கும் உறுப்பு.

இடையில் பலர் ஆலோசனை சொன்னார்கள். ஜப்பான் இயந்திரமும் ஐந்து கியர்ப் பெட்டியும் போட்டால் தொல்லை தீரும் என்றார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றும் மைனருக்கு அப்படிச் செய்வதை நான் குறை சொல்லமாட்டேன். நிசான் கம்பனியே 1952இல் ஒஸ்ரினோடு ஒப்பந்தம் செய்து தொழில் கற்றதுதான், ஒருவகையில் பேரன் வீட்டு இரத்தம். ஆனால் தவளையின் அந்தக் கரகரத்த தொண்டையை எடுத்துவிட்டால் மிச்சம் முகமூடி மட்டுமே.

நிறத்துக்கு அண்ணை தொழிற்சாலை கொடுத்த இலைப்பச்சையையே எடுத்தார். பளபளப்பை மட்டும் ஒரு படி குறைக்கச் சொன்னார். அது நல்ல தீர்ப்பு. கண்ணாடிபோல் மின்னும் பழைய கார்கள் எனக்குக் கலியாண மண்டபத்து மேக்கப்பை ஞாபகப்படுத்தும். இலக்கத் தகட்டில்தான் ஒரு கேள்வி எழுந்தது. ஸ்பிரைற்றை உலகுக்குக் காட்டியது மொன்ரி காலோவில், 1958 மே 20. அதே கிழமை இங்கே தமிழருக்கு எதிரான கலவரம் தொடங்கிவிட்டது. அதற்குச் சற்று முன்புதான் வாகனத் தகட்டில் சிங்கள ஸ்ரீ ஏறியதும், தமிழர்கள் அதன்மேல் தார் பூசியதும். இந்த வண்டியின் தகட்டிலும் அதே ஸ்ரீ. அண்ணையின் தகப்பன் அந்த நாளில் தார் வாளி தூக்கியவர். மகன் அந்த எழுத்தை வெள்ளை மையில், கோணல் மாறாமல், மெல்லிய தூரிகையால் மூன்று நாள் எழுதினார். "அசல் எண்டால் அசல்தானே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கடைசி வேலை பொனற். விளக்கு, மட்காட், மூக்கு எல்லாம் ஒரே துண்டாக, கண்ணாடிக்கு முன்னால் உள்ள கீலில் முதலைவாய்போல் திறக்கும். அத்தனை பெரிய துண்டு மூடும்போது இரு பக்கமும் ஒரே இடைவெளி விழ வேண்டும். கீலுக்கு அடியில் மெல்லிய தகட்டுச் சீவல்களை வைத்தும் எடுத்தும் நாலு ஞாயிறு போயிற்று. ஐந்தாவது ஞாயிறு விடியற்காலை, தெரு நாய்கூட எழும்பாத நேரத்தில், அண்ணை ஸ்ரார்ட்டர் குமிழை இழுத்தார். காலி முகத்திடல் வரை போய்த் திரும்பினோம். நான் பக்கத்து ஆசனத்தில். பம்பலப்பிட்டிச் சந்தியில் நின்ற மூன்று சக்கர வண்டிக்காரர் தலையை வெளியே நீட்டிச் சிரித்தார்.

திரும்பி வந்தபோது பாஸ் பூசை முடித்து வந்து வாசலில் நின்றார். வண்டி எப்படி ஓடியது என்று கேட்கவில்லை. இயந்திரச் சூடு ஆறும்வரை ஒரு பிளேன்ரீ குடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து இரண்டு நெருப்புக்குச்சியை எடுத்துச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிப் பக்கத்திலிருந்து பொனற் விளிம்போடு இழுத்து வந்தார். இடது முன் சில்லுக்கு மேலே குச்சி நின்றது.

"ஓட்டத்துல உக்காந்திருக்கு ஐயா. அடுத்த கிழமை வாறேன்."