எனக்கு நானே எழுதிய நாட்கள்

கணினியில் நிறுவிய காலண்டரை விட்டு வலைக் காலண்டருக்கு மாறியவர்கள் வசதியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எங்கிருந்தும் திறக்கலாம், போனிலும் தெரியும், ஹார்ட் டிஸ்க் போனாலும் பயமில்லை. எல்லாம் உண்மை. ஆனால் அந்த மாற்றம் நாம் எழுதும் மொழியை என்ன செய்தது? காலண்டரையும் ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாமே.

தொண்ணூறுகளின் லோட்டஸ் ஆர்கனைசர் திரையில் வளையம் போட்ட டைரி மாதிரியே இருக்கும், தாளைப் புரட்டலாம். காலண்டர் என்பது ஒருவருடைய மேஜை இழுப்பறையில் இருக்கும் பொருள் என்பதுதான் அதன் கற்பனை. நான் பயன்படுத்திய அவுட்லுக்கில் டைரித் தோற்றம் இல்லை. ஆனால் எழுதியதெல்லாம் ஒரே கோப்பாக என் கணினிக்குள்ளேயே கிடந்தது. 2006 ஏப்ரலில் வந்த கூகுள் காலண்டரில் நாள் என்பது பகிரக்கூடிய பக்கம்.

நான் தாமதமாகத்தான் மாறினேன். மாறும்போது பழைய பதிவுகளை வாசித்தேன். "அம்மா ஸ்கேன் ரிசல்ட். பயப்படாம போ." "வேலைய விடறதா வேண்டாமா, இன்னிக்கு முடிவு பண்ணு." மாறிய பிறகு எழுதியவை: "மருத்துவமனை, 4–5". "தனிப்பட்ட வேலை". வினைச்சொற்களைக் காணோம். 'நீ' என்று என்னை நானே கூப்பிடுவதும் நின்றுவிட்டது. அலுவலகத்தில் யாராவது பார்ப்பார்கள் என்ற நினைப்பே எனக்கு எடிட்டராகிவிட்டது.

வலைதான் அந்தரங்கத்தைப் பறித்தது என்று சொல்லி முடித்திருப்பேன். ஆனால் காலண்டர் மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஐகேலண்டர் வடிவத்தைப் படித்தபோது அந்த வாதம் ஆட்டம் கண்டது. 1998-ல் வரையறுக்கப்பட்ட அதில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் 'கிளாஸ்' என்றொரு பண்பு உண்டு: பொது, தனிப்பட்டது, ரகசியம். எதுவும் குறிப்பிடாவிட்டால்? பொது. கூகுள் காலண்டருக்கு எட்டு ஆண்டுகள் முன்பே, அந்த வடிவம் இன்னொரு வாசகரை எதிர்பார்த்துத்தான் இருந்திருக்கிறது. என் குறிப்புகளைக் காத்தது அவை கிடந்த இடம் மட்டுமே. கதவு சாத்தியிருந்ததால் சத்தமாகப் பேசியிருக்கிறேன், அவ்வளவுதான்.

வீட்டுக்கென்று ஒரு தனிக் காலண்டர் தொடங்கி மதுரையில் இருக்கும் அக்காவோடு பகிர்ந்திருந்தேன். போன மாதம் அம்மாவின் ஸ்கேன் அன்று காலையில், நான் எதுவும் சொல்லாமலே, பையோடு வந்து நின்றாள். "காலண்டர்ல பாத்தேன்டா" என்றாள்.

பழைய கோப்பாக இருந்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காது. 'பயப்படாம போ' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தனியாகத்தான் போயிருப்பேன். அந்த வாக்கியத்தின் அழகை இப்போது கொஞ்சம் சந்தேகத்தோடுதான் வாசிக்கிறேன். அதில் தைரியத்தைவிடத் தனிமைதான் அதிகம்.

அடுத்த ஸ்கேன் தேதியைப் பதியும்போது வழக்கம்போல "மருத்துவமனை" என்று தட்டினேன். பிறகு அழித்துவிட்டு எழுதினேன்: "அக்கா, நீயும் வா."