மேலையார் யாவர்?

திருப்பாவையின் 26ஆம் பாசுரத்தில் ஆண்டாள் அருளிய ‘மேலையார்’ என்னும் சொல்லுக்கு ‘உயர்ந்தோர்’ என்று மட்டும் பொருளுரைத்து நிறுத்துவதுண்டு. அவ்வுரை பிழையன்று, ஆயினும் நிரம்பாது. உயர்வு குலத்தாலோ, செல்வத்தாலோ, பதவியாலோ என்னும் ஐயம் அதில் எஞ்சுகிறது.

‘மேலை’ என்பது இடத்தால் மேலானதையும் காலத்தால் முற்பட்டதையும் குறிக்கும். நோன்புக்கு ஆதாரம் யாது என்னும் வினாவுக்கு விடையாக அச்சொல் நிற்பதால், வ்யாக்யாதாக்கள் இங்கே சிஷ்டாசாரத்தைப் பிரமாணமாகக் காட்டினர். ஆபஸ்தம்ப தர்மஸூத்ரமும் தர்மமறிந்தோரின் உடன்பாட்டை முதலில் கூறி, வேதங்களை அதன்பின் கூறுகிறது.

அந்தச் சிஷ்டரை அறிவது எங்ஙனம்? கீதை 3.21இல் வரும் ‘ச்ரேஷ்டன்’ என்னும் சொல்லுக்கு எம்பெருமானார் தம் பாஷ்யத்தில் இரண்டு அடையாளங்கள் அருளிச்செய்தார்: சாஸ்த்ரம் முழுதும் அறிந்தவனாகவும், அதனை அநுஷ்டிப்பவனாகவும் புகழ்பெற்றவன் என்று. அவன் எந்த அங்கங்களோடு கர்மத்தைச் செய்கிறானோ, அந்த அங்கங்களோடேயே முற்றும் அறியாத உலகமும் செய்யும் என்பதும் அவர் திருவுள்ளம். ஆகவே அவன் நழுவவிட்ட அங்கத்தை உலகமும் நழுவவிடும்; மேன்மை என்பது பெருமையன்று, பொறுப்பு.

ஆய்ச்சியர் சாஸ்த்ரம் கற்றவரல்லர். கண்டதைக் கொண்டு நடப்பவர். அதனாலேயே ஆண்டாள் மேலையார் சொல்வனவற்றைக் கூறாது, ‘செய்வனகள்’ என்றாள். அநுஷ்டானமில்லாதாரை மேலையார் என்பது உபசாரமாகலாம், பிரமாணமாகாது.