வேலைன்னா எந்த வேலை?

பொட்டிப்புரம் டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் பக்கத்து ஊர்க் காலனிக்காரன். 2024 மக்களவைத் தேர்தலில்தான் முதல் ஓட்டுப் போட்டவன். தேர்தலுக்கு முன்னால் யாரோ கணக்கெடுக்க வந்தார்களாம். ‘உங்களுக்கு முக்கியப் பிரச்சனை என்ன’ன்னு கேட்டிருக்கிறார்கள். ‘வேலை’ன்னு சொல்லியிருக்கிறான். எழுதிக்கிட்டுப் போய்விட்டார்கள்.

“எந்த வேலைன்னு கேக்கலையாப்பா?”

“கேக்கல மாமா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

அவன் அம்மா விடியுமுன்னே ஜீப்பேறி மலைக்கு மேலே இடுக்கி ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர். கீழேயே இருந்தால் ஊர்க்காரர் திராட்சைத் தோட்டம், தென்னந்தோப்பு. கூலியை வாங்கும்போதும் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். இவன் ஐ.டி.ஐ. முடித்தவன். “மாசச் சம்பளம் வரணும். யாரு முன்னாடியும் கைகட்டி நிக்கக் கூடாது. அதான் மாமா நான் சொன்ன வேலை” என்றான்.

இந்தப் பதிலில் பாதி கூலியைப் பற்றியது, பாதி சாதியைப் பற்றியது. கணக்கெடுப்பில் முதல் பாதி மட்டும் ஏறும். 2024 தேர்தலுக்கு முன் லோக்நிதி–சி.எஸ்.டி.எஸ். நாடு முழுக்க எடுத்த கணிப்பில் முக்கியப் பிரச்சனை வேலையின்மை என்றவர்கள் 27 சதம், விலைவாசி என்றவர்கள் 23 சதம். வேலை கிடைப்பது முன்னைவிடக் கடினம் என்று 62 சதம் பேர் சொன்னார்கள். இந்த எண்களை நான் பொய் என்று சொல்ல வரவில்லை. அவை தேவை. ஆனால் தோட்டம் வைத்திருப்பவர் மகனும் ‘வேலை’ என்கிறான், அந்தத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பவர் மகனும் ‘வேலை’ என்கிறான். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டு, மேலே ‘இளைஞர்’ என்று தலைப்புக் கொடுத்தால் ஊரும் காலனியும் ஒன்றாகிவிடுகின்றன. நிஜத்தில் ஆகவில்லை.

என் முதல் ஓட்டைச் சொல்கிறேன். 61-ஆவது சட்டத்திருத்தத்தால் ஓட்டு வயது 21-லிருந்து 18 ஆனது 1989 மார்ச்சில். எனக்கு அப்போது பத்தொன்பது. அந்தச் செப்டம்பரில் போடியில் சாதிக் கலவரம். நவம்பரில் மக்களவைத் தேர்தல். டெல்லியில் போஃபர்ஸ் பீரங்கியைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் தெருவில் பேசியது, சாவடிக்கு எந்த வழியாகப் போவது, எத்தனை பேர் சேர்ந்து போவது என்பதைத்தான். அன்றைக்கு யாராவது வந்து என்னிடம் கேட்டிருந்தால் ‘பாதுகாப்பு’ என்றிருப்பேன். அதை நாட்டின் பாதுகாப்பு என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்கள்.

அதற்கப்புறம் வந்த பத்து வருஷத்தில் நம் இளைஞர்களில் ஒரு பகுதி ஓட்டே வேண்டாம் என்றது. திருமாவளவன் தலைமையிலான விடுதலைச் சிறுத்தைகள் 1999 வரை தேர்தலைப் புறக்கணித்தார்கள். ஓட்டுப் போடாததை ‘அக்கறையின்மை’ என்று படிப்பவர்கள் இதை எங்கே வைப்பார்கள்? 1997 ஜூன் 30-இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனை வெட்டிச் சாய்த்தார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 1996-லிருந்து பத்து வருஷம் தனி ஊராட்சித் தேர்தலையே நடக்கவிடவில்லை. அந்த ஊர்கள் இங்கேயிருந்து ரொம்பத் தூரமில்லை, உசிலம்பட்டிப் பக்கம்தான்.

இன்றைய பிள்ளைகள் எந்தப் பக்கம்? ஒரே பக்கமாக இல்லை. ஏழு சாதிகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்று அழைக்கும் 2021 சட்டத்தைக் காட்டி ஒருவன் பா.ஜ.க.வைப் பற்றி நல்லவிதமாகப் பேசுகிறான். 18 சதத்துக்குள் 3 சதம் தந்த 2009 உள் ஒதுக்கீட்டைச் சொல்லி அருந்ததியப் பையன் தி.மு.க. பக்கம் நிற்கிறான். 2024-இல் 8.2 சதம் வாங்கிய நாம் தமிழருக்குப் போட்டவனும் காலனியில் உண்டு. அதே வருஷம் விஜய் தொடங்கிய கட்சி மேடையில் அம்பேத்கர் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவனும் உண்டு. “தமிழன்னு சொல்லுறப்ப நானும் உள்ளே வாரேன். பொண்ணு கேட்டா வெளியே போயிருவேனே” என்றான் ஒருவன். எந்தக் கட்சிக்குப் போட்டானோ அந்தக் கட்சியைப் பார்த்தே அவன் கேட்கிற கேள்வி அது.

பொட்டிப்புரத்துக்கு வருவோம். இங்கே அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015 ஜனவரியில் மத்திய அரசு அனுமதி தந்தது. செலவு சுமார் 1,500 கோடி. எதிர்ப்பு, பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் என்று போய், 2022-இல் தமிழக அரசு அனுமதி தர மாட்டோம் என்றது. வேண்டும் என்றவர்கள் இளைஞருக்கு அறிவியல் வரும் என்றார்கள். வேண்டாம் என்றவர்கள் வருங்காலத் தலைமுறைக்கு மலையும் தண்ணீரும் வேண்டும் என்றார்கள். மலை நிலைக்கணும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. டீக்கடைப் பையனுக்கும் இல்லை. ஆனால் அவன் கேட்டான்: “சுரங்கம் வந்திருந்தா கல்லு அள்ளுற வேலைக்கு எங்களைக் கூப்பிட்டிருப்பாங்க. வரலன்னா ஆடு மேய்க்க மலை இருக்கு. படிச்சதுக்கு எதுல மாமா வேலை இருக்கு?” இரண்டு தரப்பும் இவன் பேரைச் சொல்லித்தான் பேசின. இவனிடம் யாரும் பேசவில்லை.

அங்கேயே ஒரு பெண் பிள்ளை, நர்சிங் படிக்கிறது. கல்வி உதவித்தொகை வராமல் அம்மா கம்மலை அடகு வைத்துக் கட்டணம் கட்டியிருக்கிறார். “யாருக்குப் போட்டேன்னு எங்கப்பாகிட்டயும் சொல்லல, ஒங்ககிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. ‘நம்ம புள்ளைக ஓட்டு நம்ம ஓட்டு’ என்று பேசிப் பழகிய இயக்கக்காரன்தானே நானும்? 1919-இல் சவுத்பரோ குழு முன்னால் போய்த் தீண்டப்படாதவர்களுக்கு வாக்குரிமையும் பிரதிநிதித்துவமும் கேட்ட அம்பேத்கருக்கு வயது 27. அன்றைக்கு அவரை எந்தப் பெரியவரின் ஓட்டுக் கணக்கிலும் சேர்த்திருக்க முடியாது.

கணிப்பு எடுக்கிறவர்கள் இரண்டாவது கேள்வியைக் கேட்கட்டும். ‘வேலை’ என்றால் எந்த வேலை, ‘பஸ் வசதி’ என்றால் பஸ் எந்தத் தெருமுனையில் நிற்கணும், ‘ஊழல்’ என்றால் எந்தச் சான்றிதழுக்கு எவ்வளவு கொடுத்தாய். அவர்கள் கேட்பார்களோ இல்லையோ, இதைப் படிக்கிற மாணவத் தோழர்கள் கேட்கலாம். ஒரு நோட்டு போதும். உங்கள் தெருவில் பத்துப் பேரிடம் உட்காருங்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். யாருக்கு ஓட்டுன்னு மட்டும் கேட்காதீர்கள். அது அவர்களுடையது.